அப்பா திரும்பவில்லை, எங்கள் விசுவாசம் குறைந்துபோனதா?

தென்கடல் ஓரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் எழுதிக் கேட்டிருக்கிறார். போன ஆடியில் கச்சான் காற்று பலத்து அடித்த ஒரு விடியலில் அவருடைய அப்பா போன வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் கரையேறிவிட்டார்கள். அப்பா வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மூன்று நாள் இரவு பகலாக வீட்டில் செபமாலை சொன்னார்கள். பிறகு ஒரு நாள் செபக்கூட்டத்துக்கு வந்த ஒருவர், "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் விசுவாசம் இருந்திருந்தால் அவர் வந்திருப்பார்" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா செபமாலையைத் தொடவில்லை. மகளுக்கு இரண்டு கேள்விகள். எங்கள் விசுவாசம் குறைவா? வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் பூசைக்கு வந்த அப்பாவுக்கு இரட்சிப்பு உண்டா?

மகளே,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, உங்கள் விசுவாசம் குறைவில்லை. ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தங்கச்சிமடத்தில் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து வருகிறேன். நற்செய்தியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதிகாரமும் வசனமும் குறிப்பிடுகிறேன், நீங்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செபக்கூட்டத்துக்கு வந்தவர் காட்டிய வசனத்திலிருந்தே தொடங்கலாம். மாற்கு 5:34. பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண், கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவின் மேலாடையைத் தொடுகிறாள். பழைய புரொட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் அவளுக்குக் கிடைக்கும் பதில், "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது". நம் கோயில்களில் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் அதே இடம், "மகளே, உனது நம்பிக்கை உன்னைக் குணமாக்கிற்று". ஒன்றில் இரட்சிப்பு, ஒன்றில் குணம். இரண்டும் சரிதான். மூலத்தில் இருப்பது 'சோசோ' என்ற கிரேக்க வினைச்சொல். நோயிலிருந்து குணமாக்குவது, ஆபத்திலிருந்து காப்பாற்றுவது, பாவத்திலிருந்து மீட்பது மூன்றுக்கும் அந்த ஒரே சொல்தான்.

இதே வாக்கியம் மாறாமல் லூக்கா 7:50இலும் வருகிறது. பரிசேயன் வீட்டுப் பந்தியில் இயேசுவின் காலடியைக் கண்ணீரால் நனைத்த பெண்ணிடம் சொன்னது. அவளுக்கு எந்த நோயும் இல்லை, குணமாக எதுவும் இல்லை. அவள் பெற்றுக்கொண்டு போனது மன்னிப்பு. ஆக, "இரட்சித்தது" என்றால் உடம்போடு பிழைத்து வீடு திரும்புவது மட்டும்தான் என்று அந்த வசனத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. உங்கள் அம்மாவிடம் பேசியவர் அந்தச் சொல்லின் ஓர் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறார்.

கடலில் வைத்தே அந்தச் சொல்லைக் கேட்க வேண்டுமா? மத்தேயு 14ஐ எடுங்கள். பேதுரு தண்ணீர்மேல் நடந்து வருகிறார், காற்றைப் பார்த்துப் பயப்படுகிறார், மூழ்கத் தொடங்குகிறார். "ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்" என்று கத்துகிறார். பழைய மொழிபெயர்ப்பில் "என்னை இரட்சியும்". அதே கிரேக்கச் சொல்தான். இயேசு என்ன செய்தார்? உடனே கையை நீட்டிப் பிடித்தார். பிடித்த பிறகுதான், "நம்பிக்கை குன்றியவனே, ஏன் ஐயம் கொண்டாய்?" என்று கேட்டார். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கை, பிறகு கேள்வி.

எனக்குப் பதினைந்து வயதில் நடந்ததைச் சொல்கிறேன். மாமாவோடு வடகடலுக்குப் போயிருந்தேன். வலை இறங்கிக்கொண்டிருந்தபோது கயிற்றுச் சுருளுக்குள் காலை வைத்துவிட்டேன். அடுத்த நொடி தண்ணீருக்குள் கிடந்தேன். கண்ணைத் திறந்தால் பச்சையாக இருந்தது, காதுக்குள் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மாமா குனிந்து என் சட்டையின் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தார். வள்ளத்தின் விளிம்பில் நெஞ்செலும்பு உரச உரச இழுத்து உள்ளே போட்டார். நான் குடித்த உப்புத் தண்ணீரை எல்லாம் வாந்தியெடுத்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம்தான், "எங்கடா பாத்துக்கிட்டு நின்ன?" என்று கேட்டார். அப்படிக் கேட்கும்போது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் கிடக்கிறவனிடம், "நீ எப்படி விழுந்தாய், சொல், பிறகு பிடிக்கிறேன்" என்று கேட்கிற சம்மாட்டியை, படகுச் சொந்தக்காரரை, நம் கடற்கரையில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கடல் தெரிந்த எவனும் செய்யாததை ஆண்டவர் செய்வார் என்று எப்படி நம்புவது?

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. பேதுருவைப் பிடித்த இடத்தில் காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பேரும் படகில் ஏறிய பிறகுதான் காற்று அடங்கியது என்று 32ஆம் வசனம் சொல்கிறது. "ஏன் ஐயம் கொண்டாய்" என்பது கரையில் நின்று கேட்ட கேள்வி அல்ல. அதே அலைக்குள் நின்று, கையை விடாமல் கேட்டது.

அடுத்து மாற்கு 4, புயலை அடக்கிய பகுதி. கலிலேயக் கடல் என்று நாம் சொல்வது உண்மையில் ஓர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் சுமார் 13. கடல் மட்டத்துக்கு இருநூறு மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. சுற்றிலும் இருக்கிற மேட்டிலிருந்து காற்று திடீரென்று சரிந்து இறங்கும்போது சின்ன ஏரியும் பெரிய கடலாகிவிடும். 1986இல் வறட்சியால் ஏரித் தண்ணீர் உள்வாங்கியபோது, அந்தக் கரையின் மீனவச் சகோதரர்கள் இரண்டு பேர் சேற்றில் புதைந்திருந்த ஒரு படகைக் கண்டெடுத்தார்கள். இயேசுவின் காலத்தை ஒட்டிய படகு. நீளம் 8.2 மீட்டர், அதாவது 27 அடி. நம் ஊர் வள்ளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அளவு ஏறக்குறைய அதுதான். இயேசு பின்னணியத்தில், அதாவது படகின் பின்பகுதியில், தலையணை வைத்துத் தூங்கினார் என்று தமிழ் விவிலியம் சொல்கிறது. அணியம் என்ற சொல்லை நகரத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அது வீட்டுச் சொல்.

சீடர்கள் அவரை எழுப்பிச் சொன்னது பக்தியான மன்றாட்டு அல்ல. "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?" நேரடியான கோபம் அது. மூன்றாம் நாள் இரவு உங்கள் அம்மா மாதா படத்தைப் பார்த்து என்ன கேட்டிருப்பார்? இதைத்தானே கேட்டிருப்பார்? மாற்கும் லூக்காவும் எழுதியபடி அவர் முதலில் காற்றை அடக்கிவிட்டுத்தான் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டார். மத்தேயுவில் மட்டும் கேள்வி முதலில் வருகிறது. ஆனால் மூன்று பேரிலும் மாறாத ஒன்று உண்டு: அந்தப் படகில் இருந்த ஒருவருடைய விசுவாசத்தையும் அவர் பாராட்டவில்லை. குறைவு என்றுதான் சொன்னார். குறைவானவர்கள் எல்லாரும் கரை சேர்ந்தார்கள். விசுவாசத்தை அளந்து பார்த்துத்தான் உயிர் கொடுப்பார் என்றால், அன்றைக்கே பன்னிரண்டு பேரும் ஏரிக்கடியில் கிடந்திருப்பார்கள்.

"அப்படியானால் நாசரேத்தில் விசுவாசம் இல்லாததால் அவரால் வல்ல செயல் செய்ய முடியவில்லையே, மாற்கு 6:5?" என்று உங்கள் வீட்டுக்கு வந்தவர் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஊர்க்காரர்கள் அவரிடம் எதையும் கேட்கவே இல்லை. "இவர் தச்சர் அல்லவா?" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று நாள் மணியுருட்டிய உங்கள் வீட்டை அந்த ஊரோடு சேர்ப்பது அநியாயம். கடுகு விதை அளவு போதும் என்று மத்தேயு 17:20இல் சொன்னதும், நம்மிடம் இருக்கிற சின்னதைக் கேவலமாக நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான். "நான் நம்புகிறேன். என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்ன தகப்பனின் பிள்ளையை அவர் குணமாக்கினார். அது மாற்கு 9இல் இருக்கிறது.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். கூடப் போன இரண்டு பேர் பிழைத்தார்கள், அப்பா மட்டும் ஏன்? நீங்கள் எழுதியிருந்ததில் இந்த வரிதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் புயல் புகுந்தபோது எனக்கு ஐந்து வயது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை வாரிக்கொண்டு போன இரவு அது. கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள் பாக்கி. நாங்கள் பாம்பனில் இருந்ததால் தப்பினோம். அம்மாவின் தங்கை குடும்பம் தனுஷ்கோடியில் இருந்தது, யாரும் வரவில்லை. அதற்கப்புறம் பல வருடம், "தனுஷ்கோடிக்காரங்க பண்ணின பாவம்" என்று ஆட்கள் சாதாரணமாகப் பேசுவதை நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அம்மா அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிற இடத்திலிருந்து எழுந்து போய்விடுவார். பவளக்கல்லால் கட்டிய கோயிலின் சுவர் இன்றும் மணலில் நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம், அந்த இடத்தில் பூசை கண்டவர்கள்தானே செத்தார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

லூக்கா 13ஐ எனக்குச் சரியாக விளங்க வைத்தது அம்மா எழுந்துபோனதுதான். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்கிறார். தாமே பதிலும் சொல்கிறார்: அப்படி அல்ல. இதைவிட நேரடியாகச் சொல்ல முடியாது. அதோடு, பேச்சைச் செத்தவர்கள்மேல் வைக்காமல், உயிரோடு நிற்கிறவர்கள் பக்கம் திருப்பி, மனம் மாறுங்கள் என்கிறார். யோவான் 9இல் பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி, "யார் செய்த பாவம், இவரா, இவர் பெற்றோரா?" என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டையும் மறுத்தார். செத்தவன்மேல் குற்றம் தேடுகிற ஆசைக்கு அவர் ஒரு தடவைகூட இடம் கொடுக்கவில்லை. அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஏதோ குறை இருந்தது என்று சொல்லிவிட்டால், நமக்கு அது நடக்காது என்று நம்பிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்கு வந்தவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் வீட்டிலிருந்தும் யாராவது கடலுக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். பயத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னது நற்செய்தி அல்ல.

ஓரியூருக்குப் போயிருப்பீர்கள். போர்ச்சுக்கலிலிருந்து இங்கே போதிக்க வந்த குரு அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) நினைத்துப் பாருங்கள். 1686இல் அவரை மறவ நாட்டில் பிடித்து வதைத்தார்கள். இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் மன்னர் சேதுபதி முன் நிறுத்தினார்கள். இனி இங்கே போதிக்கக்கூடாது என்று சொல்லிச் சேதுபதி விட்டுவிட்டார். உயிர் தப்பினார். ஐரோப்பாவுக்குப் போனவர் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. முதல் தடவை விசுவாசம் இருந்தது, இரண்டாம் தடவை குறைந்துபோனது என்று யாராவது சொல்வார்களா? இரண்டு நாளிலும் அதே மனிதர், அதே செபம். அந்தக் கதைக்குள்ளேயே இன்னொருவர் இருக்கிறார், நோயிலிருந்து பிழைத்து ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர். அவர் மனம் மாறியதை ஒட்டி எழுந்த கோபம்தான் அருளானந்தரின் கழுத்துக்கு வந்தது. ஒருவர் குணமானார், ஒருவர் வெட்டுண்டார். 1947இல் திருச்சபை புனிதர் என்று அறிவித்தது வெட்டுண்டவரைத்தான். நாம் அள்ளி நெற்றியில் பூசிக்கொள்கிற சிவப்பு மண் அவருடையதுதான்.

சாவதற்கு முந்தின இரவு இயேசு செபித்த கெத்சமனித் தோட்டத்துக்குப் போனால் இன்னும் ஆழம். மாற்கு 14:36. "அப்பா, தந்தையே, எல்லாம் உம்மால் இயலும்" என்று தொடங்கி, இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடும் என்று ஆண்டவரே கேட்கிறார். அந்த "அப்பா" இயேசு பேசிய அரமேய மொழிச் சொல், மாற்கு அதை அப்படியே வைத்துவிட்டார். உலகத்தில் மற்ற மொழிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கிறது. நாம் விளக்கமே இல்லாமல் வாசிக்கிறோம். அப்பா என்று கூப்பிட்டார், கேட்டார், கிண்ணம் விலகவில்லை. மறுநாள் சிலுவையடியில் நின்றவர்கள், "பிறரை விடுவித்தான், தன்னையே விடுவிக்க இயலவில்லை" என்று கேலி பேசினார்கள். அங்கேயும் அதே சோசோதான். விசுவாசம் இருந்தால் இறங்கி வந்திருப்பாரே என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். உங்கள் அம்மா கேட்டதும் அதே பேச்சைத்தான். அந்தப் பேச்சைக் கேட்டு நிற்பதில் அவர் தனியாக இல்லை.

இரண்டாவது கேள்வி. அப்பாவுக்கு இரட்சிப்பு உண்டா?

தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, எந்த மனிதருக்கும் இல்லை. ஆனால் நம்புவதற்கு நற்செய்தி எனக்குக் காரணம் தருகிறது. நீங்கள் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். பாடு (அன்றைக்குக் கிடைத்த மீன்) நல்லா இருந்தாலும் இல்லாவிட்டாலும், கறிக்கு எடுக்கிற மீனில் ஒரு பங்கை எதிர்வீட்டுக் கிழவிக்குக் கொடுக்காமல் அப்பா வீட்டுக்குள் நுழையமாட்டார், கொடுக்கும்போது ஒரு பேச்சும் பேசமாட்டார், திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிடுவார் என்று. மத்தேயு 25:31 முதல் 46 வரை மெதுவாக வாசியுங்கள். பசியாய் இருந்தேன், உணவு கொடுத்தீர்கள் என்று அரசர் சொல்லும்போது வலப்பக்கம் நிற்பவர்கள், "ஆண்டவரே, எப்பொழுது?" என்று கேட்கிறார்கள். தாங்கள் செய்தது யாருக்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை. அதைப் புண்ணியக் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டவர்கள் அல்ல. அந்தத் திண்ணையில் இறங்கிய மீன் யாருடைய கையில் போய்ச் சேர்ந்தது என்று அந்த அதிகாரம் சொல்கிறது.

உடனே, செயலால் இரட்சிப்பா விசுவாசத்தால் இரட்சிப்பா என்று சண்டை வேண்டாம். அந்தப் பழைய சண்டையில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டார்கள். நம் தகுதியால் அல்ல, அருளால்தான் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்த அருளே நல்ல செயலுக்கும் நம்மைத் தூண்டுகிறது என்று. லூக்கா 7இல் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது இயேசு காட்டிய உவமையும் அதுதான். 500 தெனாரியக் கடனும் 50 தெனாரியக் கடனும் தள்ளுபடியான இரண்டு பேர். ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. அதிகம் மன்னிக்கப்பட்டவன் அதிகம் அன்பு செய்கிறான். வட்டியும் முன்பணமுமாகக் கடனிலேயே பிறந்து வளர்கிற நம் கடற்கரைக்கு இந்த உவமை பட்டென்று விளங்கும். அன்பு, கடன் தீர்ந்தவனிடம் தானாக வருவது.

பூசைக்கு வராததை நான் சரி என்று சொல்லவில்லை. வந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் மாற்கு 4:36இல் யாரும் கவனிக்காத ஒரு சின்ன வரி இருக்கிறது: வேறு படகுகளும் அவருடன் சென்றன. அந்தப் படகுகளில் இருந்தவர்கள் அவரை எழுப்பவில்லை. அவர் பின்னணியத்தில் தூங்குவதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. காற்று நின்றபோது அவர்களுக்கும் சேர்த்துத்தான் நின்றது. கூரையைப் பிரித்து முடக்குவாதக்காரனை இறக்கிய நாலு பேரைப் பற்றி மாற்கு 2:5இல், "அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு" அவனுடைய பாவத்தை மன்னித்தார் என்று இருக்கிறது. கட்டிலில் கிடந்தவனின் விசுவாசம் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. நீங்களும் அம்மாவும் அந்த மூன்று நாள் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தீர்கள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி ஏற்றக் கல்லறை இல்லையே என்று எழுதியிருந்தீர்கள். சித்தி குடும்பத்துக்காக எங்கள் அம்மா வருடம் தவறாமல் பாம்பன் கரையில், காற்றுக்கு மறைவாக மணலில் குழி பறித்து ஏற்றினார். இப்போது நான் ஏற்றுகிறேன். நீங்களும் அப்படியே ஏற்றலாம். ஒரு பூசையும் அப்பா பேரில் ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள்.

அம்மாவைச் செபமாலை சொல்லும்படி இப்போது வற்புறுத்த வேண்டாம். எட்டிப் பிடிக்கிற கை ஆண்டவருடையது, அம்மாவுடையது அல்ல. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து யோவான் 11ஐ மட்டும் வாசித்துக் காட்டுங்கள். "ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான்" என்று மார்த்தா சொல்கிறார், 21ஆம் வசனம். மரியாவும் வந்து அதையே சொல்கிறார், 32. இரண்டு பேரையும் அவர் அதட்டவில்லை. இலாசர் எழுந்து வருவது 44இல் இருக்கிறது. அதுதான் நம் விசுவாசம், உங்கள் அப்பாவுக்கும் நான் எதிர்பார்ப்பது அதுதான். ஆனால் முதல் நாளே அதுவரை போக வேண்டாம். "இயேசு கண்ணீர் விட்டு அழுதார்" என்கிற 35ஆம் வசனம் வரை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வையுங்கள். மிச்சத்தை அம்மாவே கேட்கிற அன்றைக்கு வாசித்துக்கொள்ளலாம்.